உரிமத்தின் எல்லை

மீஞ்சூரைக் கடந்து வடக்கே செல்லும் ரயில், ஆரம்பாக்கத்துக்கு அப்பால் ஆந்திரத்துள் நுழைகிறது. தமிழ்நாட்டளவில் மட்டும் செல்லுபடியாகும் துப்பாக்கி உரிமம் அவ்வெல்லையோடு முடிந்துவிடும்.

இவ்வேற்பாட்டை நாடெங்கும் இறுக்கியது, லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். இந்தியர் ஆயுதத்துடன் நடமாட உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில், ரயில் பெட்டியில் அமர்ந்திருந்த ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கைத்துப்பாக்கி எந்த உரிமத்துக்கும் காத்திருக்கவில்லை. சட்டத்துக்குப் பணிந்தவனே நிராயுதபாணியானான். 1918இல் பிரிட்டிஷ் படைக்கு ஆள் திரட்டிய காந்தியும் அச்சட்டத்தை அவ்வாட்சியின் பெருந்தீங்காகவே கண்டார்.

சுதந்திர இந்தியா 1959இல் புதிய சட்டம் இயற்றியது. இன்றைய உரிமம் நிறம் பார்ப்பதில்லை. ஆயினும், ஆயுதம் என்பது அரசு தரும் அனுமதி என்ற 1878இன் எண்ணம் நம்மோடு இன்னும் பயணம் செய்கிறது.