மணி சொன்னதும் வாட்ஸ்அப் சொன்னதும்

பத்தாம் வகுப்பில் நியூசிலாந்து வரலாறு பற்றிப் பேச எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். அம்மப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளி ஒன்றை நம்பி, "இந்த நாட்டைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர்கள். ராசேந்திர சோழனின் கப்பல் இங்கே வந்தது. அதன் மணி வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னேன்.

முன்வரிசையில் இருந்த மாவோரித் தோழி கேட்டாள்: "எங்கள் முன்னோருக்கும் முன்பே வந்தீர்களா? அது எப்படித் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. காணொளியில் சொன்னார்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றிரவுதான் தேடத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்தது, மணி உண்மை என்பது. வெலிங்டனில் உள்ள டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அது இருக்கிறது. ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் அளவுள்ள வெண்கல மணி. வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி 1836 வாக்கில், நாட்டின் வடக்கே ஃபாங்கரெய் பகுதியில் அதைக் கண்டார். அங்கிருந்த மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். புயலில் சாய்ந்த மரமொன்றின் வேர்களுக்கிடையில் கிடைத்தது என்று அவர்கள் சொன்னார்களாம்.

அடுத்து, மணியில் உள்ள எழுத்தைப் பார்த்தேன். அது தமிழ்தான். முகைய்யதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்பதே அதன் பொருள். அது ஒரு முஸ்லிம் பெயர். சோழன் என்ற சொல்லே அதில் இல்லை. எந்த அரசனின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. தமிழ்க் கரையோர முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாகக் கப்பல் வைத்து வணிகம் செய்தவர்கள். உண்மையில் பெருமைப்பட வேண்டிய அந்தக் கடலோடிகளைக் காணொளி ஒரே அடியாக மறைத்துவிட்டது!

பிறகு ஆண்டுகளை ஒப்பிட்டேன். ராசேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது 1025 அளவில். மாவோரிகளின் முன்னோர் நியூசிலாந்தில் குடியேறியது 13ஆம் நூற்றாண்டளவில். அப்படியானால் என் பேச்சு, கேட்டுக்கொண்டிருந்தவளின் முன்னோரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நாங்களே முதலில் வந்தோம் என்று சொன்னது. அதற்கு ஒரு சான்றும் இல்லாமல்.

சரி, மணி இங்கே இருக்கிறதே, தமிழர் வந்திருக்க வேண்டும் அல்லவா? அவசியமில்லை. மணி கைமாறும். கப்பல் மாலுமிகளை இழந்து நீரோட்டத்தில் மிதந்து வரலாம். வேறு நாட்டுக் கப்பலொன்று அதைக் கொண்டு வந்திருக்கலாம். ஒரு பொருள் ஓரிடத்தில் கிடைத்தது என்பதும், அதைச் செய்தவர்கள் அங்கே வந்தார்கள் என்பதும் வேறு வேறு செய்திகள்.

முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். உண்மையான ஒரு மணியைக் காட்டி, அதன்மேல் கட்டிய கதைதான் நம்மை ஏமாற்றும். அது நமக்குப் பிடித்த கதையாக இருந்தால், நாம் கேள்வியே கேட்க மாட்டோம்.

அதனால் இப்போது எனக்கு மூன்று பழக்கங்கள் உண்டு. காணொளியை நிறுத்திவிட்டு, வேறு யார் இதைச் சொல்கிறார்கள் என்று தேடுவேன். பொருளை வைத்திருக்கும் அருங்காட்சியகம் என்ன சொல்கிறது என்று பார்ப்பேன். கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தால், இன்னொரு முறை சரிபார்ப்பேன்.

அடுத்த வாரம் ஆசிரியரிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி, சொன்னதைத் திருத்தினேன். அம்மப்பாவுக்கும் விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த முகைதீன் ஆரடா? எந்த ஊர் ஆள்?"

காணொளி கேட்காத கேள்வி அது. இருவரும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.