எபெட்ஸ் ஃபீல்டைக் காலி செய்தது யார்?

நியூயார்க்கின் புரூக்ளினில் 1913 முதல் 1957 வரை டாட்ஜர்ஸ் அணி பேஸ்பால் ஆடிய மைதானம் எபெட்ஸ் ஃபீல்டு. அங்கே கழிந்த பால்யத்தை நினைத்து ஏங்கும் அமெரிக்க எழுத்துக்குக் கணக்கில்லை. அதில் வில்லன் ஒருவர்தான்: அணியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோன உரிமையாளர் வால்டர் ஓமாலி. டிக்கெட் கணக்கைப் பார்த்தால் அவர்மேல் மட்டும் பழிபோட முடியவில்லை. கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் அணிக்கு வந்த 1947இல் 18 லட்சம் பேர் வந்தார்கள். அணி முதன்முறையாக சாம்பியன் பட்டத்துக்கான வேர்ல்ட் சீரிஸை வென்ற 1955இல் வந்தவர்கள் 10 லட்சத்துச் சொச்சம்தான். சுமார் 32,000 பேர் அமரக்கூடிய அந்த இடத்தில் 1957 செப்டம்பர் 24 அன்று நடந்த கடைசி ஆட்டத்துக்கு 6,702 பேர். வராதவர்களில் பெரும்பாலோர் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்பது என் கட்சி.

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் ஆட்டம் முதன்முதலில் டிவியில் வந்ததே இங்கிருந்துதான். 1939 ஆகஸ்ட் 26, எதிரணி சின்சினாட்டி ரெட்ஸ். இரண்டே கேமரா, ரெட் பார்பரின் வர்ணனை. அன்று நகரத்தில் இருந்த டிவி பெட்டிகள் சில நூறு. 1950களில் அது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, உள்ளூர் ஆட்டங்களும் காசில்லாமல் வந்தன. அப்படி டிவி பார்த்து வளர்ந்த சிறுவர்கள் பின்னாளில் நினைவுகூர்வது எதை? வலப்பக்கம் 297 அடியிலேயே முடிந்துவிடும் மைதானம். ஸ்கோர்போர்டின் அடியில், பந்து பட்டால் சூட் இலவசம் என்ற ஏப் ஸ்டார்க் துணிக்கடை விளம்பரம் (முன்னால் ஃபீல்டர் நின்றதால் பந்து பட்டது அபூர்வம்). மேலே பீர் விளம்பரத்தின் ஒரு எழுத்து எரிந்தால் ஹிட், இன்னொன்று எரிந்தால் எர்ரர், அதாவது ஃபீல்டரின் தவறு. எல்லாம் கேமராவுக்குள் அடங்குகிறவை. ஆட்டத்தை மறைத்த இரும்புத் தூண்கள் அந்த ஏக்கத்தில் அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை.

கார் நிறுத்தச் சுமார் 700 இடங்களே இருந்தன, ரசிகர்கள் லாங் ஐலண்டு புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள், புது மைதானத்துக்குக் கேட்ட நிலத்தை நகர அதிகாரி ராபர்ட் மோசஸ் தரவில்லை என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனால் உள்ளூர் ஆட்டங்களை டிவியில் காட்டாத மில்வாக்கி பிரேவ்ஸ் அணிக்கு அதே ஆண்டுகளில் 20 லட்சம் பேர் வந்தார்கள். அங்கே கார் நிறுத்தவும் தாராளமாக இடம் இருந்ததால் அதை முழுச் சாட்சியாக நான் நிறுத்தவில்லை. எனக்குப் பெரிய சாட்சி ஓமாலியேதான். லாஸ் ஏஞ்சலஸ் போனதும் அவர் உள்ளூர் ஆட்டங்களை இலவசமாகக் காட்டவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜயன்ட்ஸ் அணியோடு ஆடியவற்றை மட்டும் காட்டினார். முதல் ஆண்டிலேயே 18 லட்சம் பேர் டிக்கெட் வாங்கினார்கள். புரூக்ளினில் இதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. ஒளிபரப்பு உரிமையில் வந்த பணம் அப்படி. அப்படியானால் டிவியில் பார்த்த சிறுவனின் பாசம் போலியா? இல்லை. அவன் ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டிருக்க மாட்டான். டிக்கெட் கவுன்டருக்கு மட்டும் அது தெரியாது.