தோட்டா மறுநிரப்பல்: பிரைமர் கருவியும் கையேடும்

தோட்டாவை வீட்டில் மறுநிரப்புவோர் கருவிக்கு முன்பே கையேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், பித்தளைக் கூட்டின் அடிப்பரப்புக்குச் சற்று உள்ளே அமர வேண்டும். துருத்தினால் ரிவால்வரின் உருளை சிக்கும், நினையாத நேரத்தில் வெடிக்கவும் கூடும். கையால் அழுத்தும் கருவி அந்த அமர்வை விரலுக்கு உணர்த்துகிறது. வேகம் குறைவென்றாலும் அதுவே மேல். ஆனால் மருந்தின் அளவை எந்தக் கருவியும் சொல்லாது. குண்டு, கூடு, பிரைமர், மருந்து ஆகியவற்றின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் அழுத்தத்தைச் சோதித்து அச்சிட்ட கையேடுதான் சொல்லும். அனுபவம் போதாதா என்பார்கள். ஆனால் மிகையழுத்தம் சுட்ட பிறகே தடயம் காட்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 5ஆம் பிரிவில், உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது. சத்துவாச்சாரியிலுள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் பெற்ற துப்பாக்கி உரிமம் தயாரிப்பு உரிமம் ஆகாது.