இருந்தும் கிடைக்காத கடதாசி

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

அண்மையில் எங்கள் பாடசாலைக்கு ஒரு பெரியவர் வந்தார். பழைய மாணவர். விடுகைப் பத்திரத்தின் பிரதி கேட்டார். பழைய விபரமெல்லாம் கணினியில் ஏற்றியாயிற்று என்ற தைரியத்தில் தேடினோம். “நியூ போல்டர்”, “நியூ போல்டர் 2”, “கடைசி”, “கடைசி புதியது” என்று எல்லாவற்றையும் திறந்து பார்த்தும் கிடைக்கவில்லை. கடைசியில் அலுமாரியிலிருந்த சேர்வு இடாப்பை எடுத்தோம். ஆண்டு வரிசையில் இருந்ததால் பத்து நிமிடத்தில் பெயர் கிடைத்தது.

சிரித்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் மலையகத்தில் கடதாசி கிடைக்காமல் போவது சிரிக்கிற விஷயமில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களுக்கு இலக்கம் பொறித்த தகரச் சீட்டைக் கொடுத்தார்கள். யார் எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். தோட்டத்துக்கு வந்த பிறகு செக்ரோலில் பெயர் ஏறும். துரைக்கு ஆளைத் தேட வேண்டுமென்றால் எல்லா ஒழுங்கும் இருந்தது. ஆனால் அந்த ஆளுக்குத் தன்னைப் பற்றிய கடதாசி தேவைப்பட்டபோது, அது துரையின் ஒபீசில்தான் இருந்தது.

அந்தத் தேவை 1948இல் வந்தது. 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்தவராக இருந்தாலும், தகப்பனும் இங்கே பிறந்தவர், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடி எங்கே போவது?

அடுத்து 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன்னால், திருமணமானவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். 1951 ஆகஸ்ட் 5தான் கடைசி நாள். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் இருந்தன. பிரஜாவுரிமை கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்குத்தான். சட்டமே கடுமையானது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கடுமை மனிதர்களின் வாழ்க்கையில் இறங்கிய வழி கடதாசிதான். ஒரே ஆளின் பெயர் செக்ரோலில் ஒரு மாதிரி, பிறப்புப் பதிவில் வேறு மாதிரி. இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் இதில் அகப்பட்டார்கள். முஹம்மது, முகம்மது, மொஹமட் என்று நம் பெயர்களை எழுதும் விதத்தைச் சொல்லவா வேண்டும்!

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டார்கள். 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம் அதே 1964 ஒக்டோபர் 30ஐத்தான் திரும்பவும் அளவுகோலாக எடுத்தது. அதாவது, 39 வருடங்களுக்கு முன் ஒருவர் எங்கே இருந்தார் என்பதற்கு அப்போதும் பெறுமதி இருந்தது.

இனிக் கணினிக்கு வருவோம். “கோப்பு” என்ற சொல் கோர்ப்பதிலிருந்து வந்தது. கடதாசிகளை நூலில் கோர்த்து வைத்தால் ஒன்றும் தொலையாது, வரிசையும் கலையாது. கணினியில் அந்த நூலை நாம்தான் கட்ட வேண்டும்.

எங்கள் பாடசாலையில் நூல் அறுந்த இடம் எது என்று பிறகு பார்த்தோம். பழைய ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவை. திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில விசைகளின் எழுத்துகள். நாம் இன்று யூனிகோடில் பெயரைத் தட்டித் தேடினால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ஆவணம் இருக்கிறது, கிடைக்காது. கடைசி நாள் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, கிடைக்காததும் இல்லாததும் ஒன்றுதான்.

ஒழுங்காகச் செய்தவர்களும் நம்மவர்களில் இருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை அறிந்த தலைமுறை 2005இல் “நூலகம்” என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியது. அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு. எழுத்தாளர், பதிப்பாளர், வெளியீட்டு ஆண்டு என்று எந்த வழியாகவும் போய் எடுக்கலாம். மலையக ஆவணகமும் முஸ்லிம் ஆவணகமும் தனித்தனியாகவே இருக்கின்றன.

இது நமக்குப் புதிய கலையும் இல்லை. 9ஆம் நூற்றாண்டில் இமாம் அஹ்மத் தமது முஸ்னதில் ஹதீஸ்களை அறிவித்த ஸஹாபியின் பெயர் வாரியாக அடுக்கினார். இமாம் புகாரி தலைப்பு வாரியாக அடுக்கினார். ஒரே ஹதீஸ் இரண்டு தலைப்புக்குப் பொருந்தினால் இரண்டு இடத்திலும் வைத்தார். தேடி வருபவர் எந்த வாசலால் வருவார் என்று முதலே யோசித்த வேலை அது.

ஆகவே எங்கள் பாடசாலையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். நீங்களும் வீட்டில் செய்யலாம். கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள். அடுத்து ஆளின் பெயர். அடுத்து என்ன பத்திரம். ஆண்டு முன்னால் நின்றால் வரிசை தானாக வரும். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். தமிழ் என்றால் யூனிகோடில் எழுதுங்கள். வட்ஸ்அப்பில் வந்த படத்தை அதன் இலக்கத்தோடு அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி கணினியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறு வீட்டில். எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். மூலக் கடதாசியை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய பிறப்புச் சான்றிதழோ, தோட்டத்துக் கடிதமோ, பிரஜாவுரிமைப் பத்திரமோ வைத்திருப்பவர்கள் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்து, பெயரிட்டு, உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறோம். நம் பாட்டன்மாரின் கடதாசி அடுத்தவர் ஒபீசில் இருந்தது. நம் பிள்ளைகளுடையது நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.