மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடம்

மேல்சித்தாமூர், விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்த சிற்றூர். தமிழ்ச் சமணர்களின் தலைமையிடமான ஜினகாஞ்சி மடம் இங்குள்ளது. திகம்பரப் பிரிவைச் சேர்ந்த இம்மடத்தின் தலைவர்கள் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயரைத் தாங்குகின்றனர்.

தொடக்கக் குடியிருப்பு

செஞ்சிப் பகுதியில் சமணம் மிகப் பழமையானது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள, ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு குறிப்பிடுகிறது. மேல்சித்தாமூர் மலைநாதர் கோயில் பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், தருமதேவி ஆகியோரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. இவை 9-ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படுகின்றன. சுற்றுவட்டாரச் சமணர்கள் பெரும்பாலும் உழவர்கள். நயினார் என அழைக்கப்படுபவர்கள்.

சிதறலும் மீட்பும்

மடம் அமைந்த வரலாறு வாய்மொழி மரபாக வழங்குகிறது. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கர் சமணர்களிடம் பெண் கேட்டார். மணநாளில் அவர் வந்தபோது வீடு வெறுமையாக இருந்தது. ஒரு பெண்நாய் மட்டும் கட்டப்பட்டிருந்தது. சினமுற்ற மன்னர் சமணர்களைக் கொல்ல ஆணையிட்டார். சிலர் ஊரைவிட்டு ஓடினர், சிலர் சைவராயினர், சிலர் மறைவாகத் தம் சமயத்தைப் பேணினர். தாயனூர் காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். திண்டிவனத்தை அடுத்த வேலூரைச் சேர்ந்த வீரசேனாசாரியர் பிடிபட்டார். அன்று மன்னருக்கு மகன் பிறந்திருந்ததால் உயிர் தப்பி, சிரவணபெளகொளாவுக்குச் சென்றார். கொடுமை தணிந்தபின் காங்கேய உடையார் அவரை அழைத்துவந்தார். சைவரானவர்கள் மீண்டும் சமணத்தில் சேர்க்கப்பட்டனர். சித்தாமூரில் மடம் நிறுவப்பட்டது.

இந்நிகழ்வுக்கு மரபு கூறும் ஆண்டு 1478. ஆனால் செஞ்சியில் நாயக்கர் ஆட்சி 16-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. எனவே இக்கதையின் ஆண்டையும் மன்னர் பெயரையும் அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும் சிதறிய சமூகம் ஒரு மடத்தைச் சுற்றி மீண்டும் திரண்டதன் நினைவை இக்கதை காக்கிறது.

நிர்வாகம்

தில்லி, கொல்லாபுரம், ஜினகாஞ்சி, பெனுகொண்டா ஆகிய நான்கு பீடங்கள் இம்மரபில் ஒருங்கே குறிப்பிடப்படுகின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றமே ஜினகாஞ்சி. பீடம் சித்தாமூருக்கு மாறிய பின்னும் அப்பெயர் நிலைத்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடாதிபதி பரிவாரத்துடன் பல்லக்கில் ஊர் ஊராகச் சென்றார். செலவை அந்தந்த ஊர்ச் சமணர்கள் ஏற்றனர். அவர் சமூக வழக்குகளைத் தீர்த்தார். தவறியவர்களுக்கு அபராதம் விதித்தார். சிலரைச் சமூகத்திலிருந்து விலக்கினார். காங்கேய உடையார் மரபினருக்கு விழாக்களில் முதல் தாம்பூலமும், மடாதிபதித் தேர்வில் முன்னுரிமையும் இருந்தன. அரசு அதிகாரம் ஏதுமின்றி, பல மாவட்டங்களில் பரவிய சிறுபான்மைச் சமூகத்தை ஒன்றாக வைத்திருந்தது இந்த ஏற்பாடே.