வாங்க ஆளில்லாத வெயில்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்தது. இலங்கைத்தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது. உலகமே சிரித்தது. ஆனால், குரங்கின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிவிட முடியுமா? கதை நூறாண்டுக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, இலங்கைப் பொறியியல் சங்கத்தில் ஓர் ஆய்வுரையை முன்வைத்தார். மின்சாரத்தை உற்பத்தி செய்வது பற்றி மட்டுமல்ல, அதைப் பயன்படுத்துவதன் பொருளியலைப் பற்றியும் அது பேசியது. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளின் மின்சாரத்தில் புகையிரதம் ஓட வேண்டும் என்பது அவரது கனவு. லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது ஆண்டு 1950 ஆகிவிட்டது. புகையிரதமோ இன்றும் டீசலில்தான் ஓடுகிறது.

எனினும் 1990களின் நடுப்பகுதி வரை நமது மின்சாரத்தின் மிகப் பெரும்பங்கு நீரிலிருந்தே வந்தது. காபன் குறைப்பு என்ற சொல்லை அறியாமலே அதைச் சாதித்திருந்தோம். 1996இல் மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின. மெழுகுதிரி வெளிச்சத்தில் செய்தி எழுதிய நாட்கள் இன்னும் நினைவில் உண்டு. அந்த அச்சம் எண்ணெய் மின்நிலையங்களைக் கொண்டுவந்தது. 2011இல் நுரைச்சோலையின் நிலக்கரியையும் கொண்டுவந்தது.

பின்னர் கூரைகளில் சூரியப் படல்கள் பெருகின. நல்லதுதான். ஆனால் நீர்த்தேக்கம் நீரோடு நேரத்தையும் தேக்கி வைக்கும், வேண்டும்போது திறந்துவிடலாம். வெயிலைத் தேக்க நாம் எதுவும் செய்யவில்லை. நமது மின்தேவை உச்சமடைவது மாலை ஆறரைக்குப் பின்னர். ஞாயிறு பகலில் தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். திடீர் அதிர்ச்சியைத் தம் சுழற்சி வேகத்தால் தாங்கக்கூடிய பாரிய மின்பிறப்பாக்கிகள் அவ்வேளையில் சிலவே இயங்கின. அதனால்தான் ஒரு குரங்கு போதுமானதாயிற்று.

இரு மாதங்களில் சித்திரைப் புத்தாண்டு வந்தது. கூரைப் படல்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை மக்களிடம் வேண்டியது. எரிபொருளுக்காக வரிசையில் நின்ற நாடு, இலவச வெயிலை வேண்டாமென்றது!

2030இல் எழுபது வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது அரசின் இலக்கு. படல்களை மட்டும் எண்ணி அதை அடைய இயலாது. நண்பகல் அலகுக்கும் இரவு அலகுக்கும் ஒரே விலை கொடுத்துவந்தால் மின்கலம் வாங்க எவர் முன்வருவார்? விலையில் நேரத்தின் பெறுமதி தெரிய வேண்டும். உற்பத்தியோடு பயன்பாட்டையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். விமலசுரேந்திர 1918இல் சொன்னதும் அதுதானே?