எது உண்மை நிறம்?

கண்டியிலிருந்து திகனவுக்குச் சென்று, பங்குனி மாதத்து முகிலற்ற இரவொன்றிற் பத்து மணிக்குமேல் தென்திசையை நோக்குவோமாயின், மலைவிளிம்புக்குச் சற்றே உயர வெளிறிய புகைத்திட்டு ஒன்று தோன்றும். கரீனா நெபுலா அதுவே. வெறுங்கண்ணுக்கு அதில் நிறமில்லை. நூல்களிலோ ஒரு படத்தில் அது செந்நிறம். மற்றொன்றிற் பொன்னும் நீலமும். இவற்றுள் எது உண்மை என்று மாணவர் வினவினால் ஆசிரியர் தடுமாறுவது இயல்பே. விடையின் தொடக்கம் நமக்கு அயலிலேயே, தென்னிந்தியாவில், இருக்கிறது.

1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரியகிரகணத்தை ஆராயப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் குண்டூருக்கு வந்திருந்தார். சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் ஒளியை அவர் நிறமாலைகாட்டியாற் பகுத்தபோது, அது வானவில்லாய் விரியாமற் சில ஒளிர்கோடுகளாக நின்றது. அக்கோடுகள் அத்துணைப் பிரகாசமாயிருந்தமையால், மறுநாள் கிரகணமின்றியே அவற்றைக் கண்டார்! சூரிய வெளிச்சம் எல்லா நிறங்களிலும் பரந்து மெலிகிறது; ஐதரசன் வாயுவின் ஒளியோ தனக்குரிய சில நிறங்களிலேயே செறிந்து நிற்கிறது. அந்நிறத்தை மட்டும் விட்டு ஏனையவற்றை மறித்தால், வெளிச்சத்துள் மறைந்திருந்தது வெளிப்படும். இங்கிலாந்தில் லொக்கியரும் அவ்வாண்டே தனித்து இம்முறையைக் கண்டறிந்தார். இன்று வானப் படப்பிடிப்பாளர் கையாளும் குறும்பட்டை வடிகட்டியின் தத்துவம் இதுவேயாகும்.

கோடைக்கானல் வானாய்வகம் இதனை அன்றாடத் தொழிலாக்கிற்று. 1904 முதல் கல்சியத்தின் ஊதா ஒளியிலும், 1912 முதல் ஐதரசனின் செவ்வொளியிலும், பிளவு பொருத்திய கருவியாற் சூரியனைக் கண்ணாடித் தகடுகளிற் பதித்தனர். இயக்குநர் எவர்ஷெட்டின் பெயரை உலகறியும். நாள்தோறும் தகடு மாற்றிய உதவியாளரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இலங்கையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1955 ஜூன் 20இல் முழுக்கிரகண நிழல் இந்நாட்டின்மேற் படர்ந்தது. பன்னாட்டு விஞ்ஞானிகள் பொலன்னறுவைப் பகுதியிற் கருவிகளை நிறுவிக் காத்திருந்தனர். முகில் பெரும்பாலோரை ஏமாற்றிற்று. அதே நாளில், கிரகண வேளையில் வசம்பு அருந்தினால் மேனி வெளுக்கும் என்ற பேச்சை நம்பி அருந்திய பெண்கள் பலர் நோயுற்றனர். அவர்களை எள்ளி நகைப்போர், கருநிறத்தை இழிவென்று அவர்களுக்குக் கற்பித்தவர் யார் என்பதையும் கேட்கட்டும்.

நெபுலாவின் நிறத்துக்கு வருவோம். 1995இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த கழுகு நெபுலாப் படம் மூன்று வடிகட்டிகளூடாக எடுத்த சாம்பல்நிறப் படங்களின் சேர்க்கை. கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஐதரசனுக்குப் பச்சையும், ஒட்சிசனுக்கு நீலமும் தீட்டினர். உண்மையில் ஐதரசனின் ஒளி 656, கந்தகத்தின் ஒளி 672 நானோமீற்றர்; இரண்டும் கண்ணுக்குச் சிவப்பே. அவ்வாறே அச்சிட்டால் எவ்வாயு எங்கே என்பது புலப்படாது. தேசப்படத்தில் மலைநாட்டுக்குக் கபிலநிறம் தீட்டுகிறோம்; தேயிலைமலை கபிலமென்று எவரும் மயங்குவதில்லை. குறிவிளக்கம் அருகிலேயே இருக்கிறதன்றோ! வானப் படத்தின்கீழ் அதனை அச்சிடாது விடும் பதிப்பாளரையே நாம் குறைகூறுவோம்.

இவ்வடிகட்டிகளின் விலை தோட்டப் பாடசாலைக்கு எட்டுவதன்று. ஆயினும், திகனத் தெருவோரத்தில் பழைய இறுவட்டு ஒன்றைச் சாய்த்துப் பிடித்தாற் போதும்: மஞ்சட் சோடிய விளக்கின் ஒளி இடைவிட்ட நிறக்கீற்றுகளாய்ப் பிரியும், புதிய வெள்ளை விளக்கின் ஒளி தொடர்ந்த வானவில்லாய் விரியும்.